மொட்டை மாடி ஷெட்: இந்தக் கொட்டேஷனில் அப்பா கையெழுத்துப் போடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். சென்னைப் புறநகரில் உங்கள் அப்பா வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுத்துவிட்டு கலர் ஷீட் போட வேண்டும். மாடி 40 அடிக்கு 27.5 அடி, அதாவது 1,100 சதுர அடி. காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 265 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று இரண்டு பக்கக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ஆர்டர் கொடுக்கும்போது 60 சதவீதம், பொருள் வந்ததும் 30, முடித்த அன்றே மீதி 10. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள்: அளவு வேலை முடிந்தபின் எடுக்கப்படும், இரும்பு விலை ஏறினால் வாடிக்கையாளர் தர வேண்டும், ஆர்டரை ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வராது, ஷீட்டுக்கு 10 வருட கம்பெனி வாரண்டி, இயற்கைச் சீற்றச் சேதத்துக்குப் பொறுப்பல்ல, வேலையாட்கள் விபத்துக்குப் பொறுப்பல்ல, பழைய பொருள்கள் காண்ட்ராக்டரையே சேரும். அப்பா நாளைக்கே கையெழுத்துப் போட நிற்கிறார், கொட்டேஷன் கொடுத்த மற்ற இருவரையும் விட (அதில் ஒருவர் 290 சொன்னார்) விலை குறைவு, நிபந்தனைகள் நியாயமா என்று கேட்கிறீர்கள்.

இப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். அதே சமயம் அந்த ஆளை ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டவும் வேண்டாம். நான் பதினெட்டு வருடம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருந்தவன். கிட்டத்தட்ட இதே வரிகளை நானும் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன், வேறு ஒருத்தருடைய கொட்டேஷனைப் பார்த்துத்தான் அடித்தேன், அவர் இன்னொருவருடையதைப் பார்த்திருப்பார். இந்தத் தொழிலில் பாதி நிபந்தனைகள் அப்படி வந்தவைதான், யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதியவை இல்லை. அதனால்தான் கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்: இந்த நிமிடம் அவர் வேலையை விட்டுவிட்டுப் போனால், அல்லது ஏதாவது தப்பு நடந்தால், பணம் யார் கையில் இருக்கும், நட்டம் யார் தலையில் விழும்? சதுர அடி ரேட் இதற்கு அப்புறம்தான். 265 மலிவா 290 மலிவா என்பதே, எதை அளந்து 265 போடுகிறார் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்காமல் விட்டது அதுதான். "அளவு வேலை முடிந்தபின் எடுக்கப்படும்" என்பது பார்க்க சாதுவான வரி. அப்பா மனதில் 1,100-ஐ 265-ஆல் பெருக்கி 2,91,500 என்று கணக்கு வைத்திருப்பார். ஆனால் கூரை மாடியின் விளிம்போடு நிற்காது. மழைச் சாரல் உள்ளே வராமல் இருக்க நாலு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டுவார்கள், அது நல்லதும்கூட. அப்போது 43 அடிக்கு 30.5 அடி, 1,311 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. சரிவு இருப்பதால் இன்னும் ஒன்றிரண்டு சதவீதம் கூடும், அதை விட்டுவிடலாம். அடுத்து ஷீட். சந்தையில் அதிகம் ஓடும் ஷீட்டின் மொத்த அகலம் சுமார் 1,070 மி.மீ., பக்கத்து ஷீட் மேல் ஏறி உட்கார்ந்தபின் உண்மையில் மூடுகிற அகலம் 1,000 மி.மீ. காண்ட்ராக்டர் மூடிய பரப்பை அளக்காமல் போட்ட ஷீட்டை எண்ணி பில் போட்டால் அங்கே ஒரு 7 சதவீதம். இப்போது 1,403 சதுர அடி ஆகிவிட்டது, தொகை 3,71,800-ஐத் தாண்டிவிட்டது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 4,38,000 கிட்ட வரும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் 2.9 லட்சம் 4.4 லட்சம் ஆகிவிட்டது பாருங்கள். வேலை முடிந்து கூரைக்குக் கீழே நின்றுகொண்டு இந்தச் சண்டையைப் போட்டால் உங்கள் அப்பாதான் தோற்பார், எழுதிக் கொடுத்ததே அப்படித்தான்.

"மற்ற இருவரையும் விடக் குறைவு" என்று சொன்னீர்களே, அந்த இருவரும் தரையளவா கூரையளவா, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று பார்த்தீர்களா? எனக்கு சந்தேகம். மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நீட்டல், ஓவர்லேப் (ஷீட் மேல் ஷீட் ஏறும் பகுதி), ரிட்ஜ் (கூரை உச்சி மூடி), கட்டர் (மழைநீர் ஓடும் தகடு), வரி எல்லாம் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு? சின்ன வீட்டு வேலைக்கு மொத்தத் தொகை பேசி முடிப்பதுதான் நல்லது. சதுர அடிக்குத்தான் போடுவேன் என்றால், "கூரையின் மூடிய பரப்பு, ஓவர்லேப் சேராது, அதிகபட்சம் இத்தனை சதுர அடி" என்று வரைபடத்தோடு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது பணம் கொடுக்கும் வரிசை. 60 சதவீதம் என்றால் 1,74,900 ரூபாய், மாடியில் ஒரு ஆணிகூட வராத நிலையில். பொருள் இறங்கியதும் இன்னொரு 87,450. ஆக ஒரு வெல்டிங்கூட வைக்காமல் 2,62,350 அவர் கையில், உங்கள் கையில் மிச்சம் 29,150. அவர் பட்டறையில் அதே வாரம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுடைய வேலையை அவர் முடித்தால் வருவது 29,150, புது ஆளிடம் போனால் 60 சதவீத முன்பணம். எங்கே போவார்? கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமை வந்தால் யாரும் அப்படித்தான் போவார்கள். நானே போயிருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த வேலையில் பொருள் செலவு பாதிக்கு மேல். கலர் ஷீட்டை உங்கள் மாடி நீளத்துக்கு வெட்டித்தான் கம்பெனியில் வாங்க வேண்டும், 18 அடி 4 அங்குலத்துக்கு வெட்டிய நீல நிற ஷீட்டை இன்னொரு வீட்டில் போட முடியாது. முன்பணமே தரமாட்டேன் என்று நிற்பதும் சரியில்லை. நான் இப்படிப் பிரிப்பேன்: ஆர்டரோடு 10 சதவீதம், பொருள் வீட்டில் இறங்கி நீங்கள் சரிபார்த்ததும் 40, இரும்பு ஃபிரேம் முழுதும் நின்று ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் முதல் பூச்சு) அடித்ததும் 25, ஷீட் போட்டு முடித்ததும் 20, கடைசி 5 சதவீதம் ஒரு நல்ல மழை பெய்து ஒழுகவில்லை என்று பார்த்தபின் அல்லது 45 நாளில், எது முதலில் வருகிறதோ அப்போது. உங்கள் கணக்கில் அந்தக் கடைசித் தொகை 14,575 ரூபாய்தான், ஆனால் ஒழுகுகிற திருகை மாற்ற ஆள் அனுப்ப அது போதும். ஷீட்டுக்கு கம்பெனிக்கு முழுப் பணம் கட்டினால்தான் வெட்டித் தருவார்கள் என்று அவர் சொன்னால், உண்மையாகவே இருக்கலாம், அப்போது அந்த ஷீட் தொகையை மட்டும் அப்பாவே நேரடியாக டீலருக்கு வங்கி மூலம் கட்டி, பில்லை தன் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். இதில் ஒரு லாபமும் இருக்கிறது, வாரண்டி பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இரும்பு விலை நிபந்தனை தனியாகப் பார்த்தால் தப்பில்லை. எஸ்டிமேட் கொடுத்து மூன்று மாதம் கழித்து கூப்பிட்டால் பழைய விலைக்கு யாராலும் செய்ய முடியாது. ஆனால் 60 சதவீதத்தோடு சேர்த்துப் படியுங்கள். அவ்வளவு பணம் முன்கூட்டியே வாங்குவதற்கு அவர் சொல்லும் காரணமே "உடனே பொருள் வாங்கிப் போட வேண்டும்" என்பதுதான். உடனே வாங்கிவிட்டால் விலை எப்படி ஏறும்? ஏறினால் வாங்கவில்லை என்று அர்த்தம், வாங்காவிட்டால் அந்தப் பணம் எங்கே போனது? பெரிய முன்பணமும் விலை ஏற்றமும் ஒரே காகிதத்தில் இருக்கக் கூடாது, ஏதாவது ஒன்றை அவர் விட வேண்டும். விலை ஏற்ற வரி வேண்டுமென்றால், இன்னும் வாங்காத பொருளுக்கு மட்டும், 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மட்டும், டீலர் பில் காட்டினால் மட்டும், இறங்கினால் எங்களுக்கும் கழிவு என்று நாலு வார்த்தை சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி வார்த்தையைக் கேட்டதும் பெரும்பாலும் அந்த வரியையே எடுத்துவிடுவார்கள்.

ரத்து செய்தால் முன்பணம் போச்சு என்பதும் இதே மாதிரிதான். ஷீட் வெட்டியபின் ரத்து என்றால் அந்த ஷீட்டின் விலை அவருக்கு நியாயமாகப் போக வேண்டும். அளவெடுத்த மறுநாள் ரத்து செய்தால் 1,74,900 ரூபாயும் போக வேண்டுமா? சட்டமும் அப்படி விடாது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மிகாத நியாயமான ஈட்டுத்தொகைதான் கிடைக்கும் என்கிறது. எழுதிவிட்டதாலேயே முழுதும் அவருக்கு என்று ஆகிவிடாது. ஆனால் பணம் அவர் கையில், வழக்குச் செலவு உங்கள் கையில் என்றால் பிரிவு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அதனால் முன்பணத்தைச் சின்னதாக வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அவர் ரத்து செய்தால் என்ன என்று ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். இருக்காது. "எந்தத் தரப்பு விலகினாலும்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

இனி பொருள். கொட்டேஷனில் "0.50 மி.மீ. ஷீட், 2x2 பைப்" என்று மட்டும் போட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இதில் மூன்று ஓட்டை இருக்கிறது. முதலில் 0.50 என்பது பெயிண்டும் பூச்சும் சேர்த்த மொத்தத் தடிமனா, உள்ளே இருக்கும் வெறும் இரும்பின் தடிமனா? தொழிலில் முதலாவதை டிசிடி என்பார்கள், இரண்டாவதை பிஎம்டி. 0.50 டிசிடி ஷீட்டில் இரும்பு 0.45 அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இரண்டுமே விற்பனையில் இருக்கும் பொருள்தான், எது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது பூச்சு. அலுமினியம்-துத்தநாகப் பூச்சு ஏஇசட் 150 என்றால் சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம். குறைந்த பூச்சுள்ள ஷீட் கண்ணுக்கு ஒரே மாதிரி நீலமாகத்தான் இருக்கும், உப்புக்காற்று பட்டால் சில வருடத்தில் வித்தியாசம் தெரியும். கம்பெனி பெயர், பூச்சு அளவு, தடிமன் மூன்றும் பெரும்பாலும் ஷீட்டின் அடிப்பக்கத்தில் அச்சாகி வரும், இறங்கும்போதே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பைப், ஏமாற்ற ரொம்ப வசதியான இடம் இதுதான். 2x2 என்பது வெளி அளவு, சுவர்த் தடிமன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 50x50 சதுரப் பைப் 2 மி.மீ. தடிமனில் 6 மீட்டர் நீளம் சுமார் 18 கிலோ வரும், 1.6 மி.மீ. என்றால் 14-லிருந்து 15 கிலோதான். பெயிண்ட் அடித்து நிறுத்தியபின் இரண்டுக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. அதனால் ஒப்பந்தத்தில் மி.மீ. எழுதி வாங்குங்கள், பொருள் இறங்கும்போது பழைய இரும்புக் கடைக்காரரிடம் தொங்கு தராசு இரவல் வாங்கி ஒரு நீளத்தை எடை போட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு இது சங்கடமாக இருக்கலாம், "சந்தேகப்படுகிறாரே" என்று காண்ட்ராக்டர் நினைப்பாரோ என்று. எனக்கு எடை போட்டுப் பார்க்கிற வாடிக்கையாளர்தான் பிடிக்கும், பின்னால் வம்பு வராது. பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்) இடைவெளி எத்தனை அடி, போஸ்ட் (தூண்) எத்தனை, இதையும் எழுத வேண்டும், நாலு அடிக்கு ஒரு பர்லின் என்று ரேட் சொல்லிவிட்டு ஐந்தரை அடிக்கு வைத்தால் மிச்சம் அவருக்கு.

இப்போது இந்தக் காகிதத்திலேயே எனக்குக் கோபம் வந்த வரிக்கு வருகிறேன், "இயற்கைச் சீற்றச் சேதத்துக்குப் பொறுப்பல்ல." பூகம்பம், வெள்ளம் என்றால் சரி. ஆனால் சென்னையில் கூரைக்கு வருகிற முக்கியமான ஆபத்தே காற்றுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது நகரம் முழுக்க மாடி ஷீட்டுகள் தெருவில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது, மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் அது 39 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும்: 50 மீட்டருக்கு சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது 150 கிலோ எடை மாதிரி. உயரம், சுற்றிலும் கட்டடம் இருக்கிறதா, பக்கங்கள் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும், ஒரு அளவுக்குச் சொல்கிறேன். பத்தடிக்குப் பத்தடி துண்டில் கிட்டத்தட்ட 1.4 டன் மேல்நோக்கித் தூக்கும். அந்த ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோகூட இருக்காது. ஆக மாடி ஷெட் தன் கனத்தால் நிற்பதே இல்லை, திருகும் வெல்டிங்கும் அடியில் இருக்கும் ஆங்கர் போல்ட்டும் பிடித்து வைத்திருப்பதால்தான் நிற்கிறது. நம் வேலை கூரையைத் தாங்குவதைவிட, பறக்காமல் பிடித்து வைப்பது.

அப்படி இருக்கையில் காற்று வந்தால் பொறுப்பில்லை என்றால் வேறு எதற்குப் பொறுப்பு? குடை விற்றவர் மழைக்கு உத்தரவாதமில்லை என்ற கதைதான். நியாயமான வரி இப்படி இருக்கும்: "ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின்படி வினாடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்று வேகத்துக்கு ஏற்பக் கட்டப்படும், அதைத் தாண்டிய காற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பல்ல." சின்னக் காண்ட்ராக்டர் இதைக் கேட்டு முழிக்கலாம், குறை சொல்லவில்லை, எனக்கும் ஆரம்பத்தில் தெரியாது. அப்போது ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நாலரை லட்ச ரூபாய் வேலையில் அந்தச் செலவைப் பார்க்கக் கூடாது. அதில் போஸ்ட் எங்கே நிற்க வேண்டும் என்று வரும். கைப்பிடிச் சுவர் செங்கல் மேல் பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) வைத்து நாலு போல்ட் அடிப்பதுதான் சுலபம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், பெருங்காற்றில் ஷீட்டோடு சுவரும் சேர்ந்து போகும். பில்லர் அல்லது பீம் மேல் நிற்க வேண்டும். ஷீட்டின் ஓரத்திலும் உச்சியிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு திருகு, நடுவில் ஒன்று விட்டு ஒன்று, திருகுக்கு இபிடிஎம் ரப்பர் வாஷர் என்றும் எழுதிவிடுங்கள்.

பேஸ் பிளேட்டைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. மாடித் தளத்தில் தட்டு ஓடோ கூலிங் டைல்ஸோ இருக்கும், அதைத் துளைத்துத்தான் போல்ட் போவது. அந்த ஓட்டை வழியாகக் கீழே படுக்கையறையில் ஈரம் வந்தால் யார் பொறுப்பு? நான் பார்த்த எந்தக் கொட்டேஷனிலும் இது இல்லை. எங்கள் சொந்த வீட்டில், நான் ஊரில் இல்லாதபோது வேறு ஒருவர் போட்டுக் கொடுத்த ஷெட்டில், கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை, போல்ட் துளை வழியாக அடுப்பங்கரைச் சீலிங் ஊறியது. கேட்டதற்கு "ஷீட் ஒழுகுதா சார்? இல்லைல்ல?" என்றார். ஒப்பந்தப்படி அவர் சொன்னது சரிதான். "துளையிட்ட இடங்களில் வாட்டர்புரூஃபிங் காண்ட்ராக்டர் பொறுப்பு, இரண்டு மழைக்காலம் வரை" என்ற ஒரு வரி போதும்.

10 வருட வாரண்டியும் இதே குழப்பம்தான். அது ஷீட் தயாரிக்கும் கம்பெனி கொடுப்பது, துருப்பிடித்து ஓட்டை விழுவதற்கும் பெயிண்ட் உரிவதற்கும். அதில் கடலோரத்துக்குத் தனி நிபந்தனை இருக்கலாம், கார்டை முழுதும் வாசியுங்கள். ஆனால் கூரை ஒழுகுவது ஷீட்டின் நடுவில் இல்லை, திருகு அடியில், ரிட்ஜில், சுவரோடு சேரும் இடத்தில். அதெல்லாம் வேலைத்திறன், கம்பெனி ஏற்காது. காண்ட்ராக்டர் தன் வேலைக்கு எத்தனை வருடம் என்று தனியாக எழுத வேண்டும், இரண்டு வருடம் கேளுங்கள், ஒன்றுக்குக் குறையக் கூடாது, சொன்ன எத்தனை நாளில் வந்து பார்ப்பார் என்பதோடு. கம்பெனி வாரண்டிக்கு பில் வேண்டும், அந்த பில் காண்ட்ராக்டர் பெயரில் இருந்தால் நாலு வருடம் கழித்து அவர் தொழிலை விட்டுவிட்டால் அப்பா எங்கே தேடுவார். நேரடியாக டீலருக்குக் கட்டுவதில் லாபம் என்றேனே, அது இதுதான். ஆனால் எல்லாப் பொருளையும் நீங்களே வாங்கிக் கொடுத்து அவருக்குக் கூலி மட்டும் என்று போக வேண்டாம், பிரச்சனை வந்தால் "பொருள் சரியில்லை" என்று அவரும் "போட்டது சரியில்லை" என்று டீலரும் மாறி மாறிக் கை காட்டுவார்கள்.

வேலையாட்கள் விபத்து நிபந்தனை. மாடிக்கும் மேலே, காற்றில், வழுக்கும் ஷீட்டில் நின்று செய்யும் வேலை. அந்த வரி காண்ட்ராக்டருக்கும் அப்பாவுக்கும் இடையிலானது, விழுந்தவரோ அவர் குடும்பமோ அதில் கையெழுத்துப் போடவில்லை, அவர்களை அது கட்டாது. ஆக அந்த வரி செய்வதெல்லாம் பொறுப்பை அப்பா பக்கம் தள்ளிவிடுவதுதான். எடுத்துவிடச் சொல்லுங்கள், ஆட்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நகல் கேளுங்கள், சேஃப்டி பெல்ட் இல்லாமல் யாரையும் மேலே ஏற்ற வேண்டாம். பணத்தை விட இது முக்கியம்.

பழைய பொருள்கள் காண்ட்ராக்டருக்கு என்பதில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அவர் எடுத்துப் போவது உங்களுக்கு நல்லதுதான், ஆனால் பழைய ஆங்கிளும் பைப்பும் பணம். அந்த வாரத்து இரும்பு விலையைக் கடையில் கேட்டு பில்லில் கழிக்கச் சொல்லலாம், அல்லது கழற்றும் கூலிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளட்டும், எது என்று தெளிவாக இருந்தால் சரி. ஆஸ்பெஸ்டாஸை உடைத்துக் கீழே போடாமல், தண்ணீர் தெளித்து முழு ஷீட்டாகக் கழற்ற வேண்டும் என்று எழுதுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது.

நாள் கணக்கு ஒன்றுமே இல்லை, அதையும் பாருங்கள். பழைய கூரையைக் கழற்றிவிட்டு ஐப்பசி அடைமழையில் இரண்டு வாரம் காணாமல் போனால்? கழற்றியதிலிருந்து இத்தனை நாளில் முடியும், மழை நாள் கழித்து, தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம், மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்றால் இரு பக்கமும் தாங்கும். வரியைப் பொறுத்தவரை, "பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம்" என்பார். பில் இல்லாத வேலைக்கு நாளை எந்த இடத்திலும் கணக்குக் காட்ட முடியாது, அந்த மிச்சம் வேண்டாம். அனுமதி வாங்குவது வாடிக்கையாளர் பொறுப்பு என்று இருந்தால் அது நியாயம்தான், வீடு உங்களுடையது. வேலை நடுவே கூடுதல் என்று எதைச் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் தொகை எழுதி அப்பா "சரி" என்று போட்ட பிறகுதான் செய்ய வேண்டும், வாய்ப் பேச்சுக் கூடுதலுக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி.

சட்டம் துணைக்கு வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரும், கொஞ்சம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்பதற்கே வரையறை இருக்கிறது: நட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபராதம், காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் ரத்து செய்யும் உரிமை, நம் சம்மதம் இல்லாமல் நமக்குப் பாதகமாக வேலையை இன்னொருவருக்கு மாற்றிவிடுவது, இப்படி. ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்ற புகார் மாவட்ட ஆணையத்துக்குப் போகாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அதைவிட, வேலை சரியில்லை, அதாவது சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போவது சுலபம்: கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, பிரச்சனை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அப்பா குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொட்டேஷனில் வேறு ஊர் நீதிமன்றம் என்று அச்சடித்திருந்தாலும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

எப்படிப் பேசுவது என்பதுதான் மிச்சம். அப்பாவை "வக்கீல்கிட்ட காட்டினேன்" என்று ஆரம்பிக்க விடாதீர்கள், அங்கேயே முகம் மாறிவிடும். "உங்க வேலை பிடிச்சிருக்கு தம்பி, ஆனா எனக்கு மறதி, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக்குவோம்" என்று சொல்லச் சொல்லுங்கள், வயசுக்கு இருக்கும் மரியாதையில் பாதி நடந்துவிடும். அவர் ஏற்கெனவே முடித்த இரண்டு மாடிகளைப் போய்ப் பார்க்கட்டும், புதியதை இல்லை, மூன்று மழை பார்த்ததை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்க மாட்டார். தாமத அபராதத்துக்கு முரண்டு பிடித்தால் விட்டுக்கொடுங்கள், பழைய இரும்பை விட்டுக்கொடுங்கள், ஆர்டரோடு 10-க்குப் பதில் 20 சதவீதம் கேட்டால்கூடக் கொடுக்கலாம். மொத்தத் தொகையை எழுதித் தர மறுத்தாலோ, பைப் தடிமன் எழுத மறுத்தாலோ, காற்று வரியை மாற்ற மறுத்தாலோ, அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள், 290 சொன்னாரே அவரை. அவருடைய காகிதத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.